எம் ஒன் அரியர்காரரின் நூலகம்

பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தவர்களில் பல வகை உண்டு. வைத்ததையே மறந்துவிட்டு, கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது திடுக்கிடுபவர் ஒரு வகை. திருத்திய வாத்தியார் மேல் சந்தேகப்பட்டு ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டுபவர் இன்னொரு வகை. இவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவனத்துக்குரியவர் மூன்றாம் வகைக்காரர். கால்குலஸ் தமக்கு வராததற்குக் காரணம் தாமல்ல, சரியான புத்தகம் அமையாததுதான் என்று முடிவுகட்டி, அதைத் தேடிப் புறப்பட்டவர் அவர்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அந்தத் தாளுக்கு ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ என்று பெயர். மாணவர் வாயில் அது இன்றும் எம் ஒன்தான். ஐந்து யூனிட்டில் முதலாவது மேட்ரிக்ஸ். மற்ற நான்கும் கால்குலஸ். மேட்ரிக்ஸில் அரியர்காரருக்குக் குறையே இல்லை. ஐகன் வேல்யூவை அவர் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். இரண்டாம் யூனிட்டில் லிமிட் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுப்பார். நூலகம் அந்த இடத்தில் பிறக்கிறது.

அதன் அடித்தளம் சீனியரின் ஜெராக்ஸ் நோட்டு. அதற்கு மேல் பி. எஸ். கிரேவால். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்தப் புத்தகம் மேசையில் இருந்தாலே வீட்டில் ஒரு மரியாதை வரும். பாடத்திட்டம் சொல்கிறதே என்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ‘லோக்கல் ஆதர்’ எனப்படும் உள்ளூர் வாத்தியார்கள் எழுதிய மெல்லிய காகிதப் புத்தகம் ஒன்று. அந்தக் காலத்தில் பி.எஸ்சி. கணக்குப் படித்த பெரியப்பா, “நாராயணன் மாணிக்கவாசகம் பிள்ளை புக்கைப் பாருடா, இப்ப இருக்கிறதெல்லாம் ஒரு புக்கா?” என்று ஒரு தீபாவளிக்குச் சொல்லிவைக்க, அதுவும் பழைய புத்தகக் கடையிலிருந்து வந்து சேரும்.

சில்வேனஸ் தாம்ஸன் 1910இல் எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈஸி’க்கு இந்த நூலகத்தில் தனி இடம். அதன் முதல் அத்தியாயம், கால்குலஸைக் கண்டால் வரும் பயத்தைப் போக்குவதற்காகவே எழுதப்பட்டது. அரியர்காரர் அந்த அத்தியாயத்தைப் பல முறை படித்திருக்கிறார். பயம் சுத்தமாகப் போய்விட்டது. பரீட்சைக்கு முந்தைய நாள் இருக்க வேண்டிய பயமும் கூடவே போய்விட்டதுதான் சிக்கல்.

அடுத்தது வீடியோ. எம்ஐடி நிறுவனம் தன் வகுப்புகளை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. டேவிட் ஜெரிஸன் கரும்பலகையில் நடத்தும் பாடத்தை அரியர்காரர் இரட்டை வேகத்தில் பார்ப்பார். ஐஐடிக்காரர்களின் என்பிடெல் உண்டு, கான் அகாடமி உண்டு. கிராண்ட் சாண்டர்ஸன் 2017இல் வெளியிட்ட கால்குலஸ் தொடர் இவற்றில் அவர் மனத்தை உருக்கியது. வட்டத்தை மெல்லிய வளையங்களாக உரித்து, நிமிர்த்தி அடுக்கினால் முக்கோணம் ஆகிறது. வட்டத்தின் பரப்பு கண்முன் வந்து நிற்கிறது. உண்மையிலேயே அழகான விளக்கம். “ஆகா, புரிஞ்சுபோச்சு!” என்ற அந்த நிம்மதி மறுநாள் காலை வரை நிற்கும். அடுத்தவர் போடும் கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவதும் தானே போடுவதும் வேறு வேறு வேலை என்பது வெள்ளைத்தாளை எதிரில் வைக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அவர் வைப்பதில்லை.

பெரும்பாலான புத்தகங்களும் வீடியோக்களும் லிமிட்டிலிருந்தே தொடங்குவது இன்னொரு தொல்லை. ஒவ்வொரு புதிய வரவையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது அவர் நேர்மை. ஆகவே x பூஜ்யத்தை நெருங்கும்போது sin x / x ஏன் 1 ஆகிறது என்பதை எட்டு விதமாக அறிந்தவர், ஐந்தாம் யூனிட்டின் இரட்டைத் தொகையிடலை ஒரு முறையும் போட்டுப் பார்த்ததில்லை.

உண்மையான நோய் வேறெங்கோ இருக்கிறது. 1/(x²+5x+6) என்பதைத் தொகையிடச் சொன்னால் அவர் தடுமாறுவது தொகையிடலில் அல்ல. கீழே இருப்பதை (x+2)(x+3) என்று பிரித்து, பின்னத்தை 1/(x+2) − 1/(x+3) என்று உடைக்கும் இடத்தில்தான். உடைத்துவிட்டால் மிச்சம் இரண்டு லாக். இரட்டைத் தொகையிடலில் தேர்வுக்குத் தேர்வு தலைகாட்டும் ‘சேஞ்ச் தி ஆர்டர்’ கணக்கிலும் இதே கதை. y அச்சின் வலப்பக்கத்தில் y = x² என்ற பரவளையமும் y = 2 − x என்ற கோடும் (1, 1) என்ற புள்ளியில் வெட்டுவதை வரைந்து பார்த்தால், வரிசையை மாற்றும்போது பரப்பு ஏன் இரண்டு துண்டாகிறது என்று தெரியும். xy-ஐத் தொகையிட்டால் விடை 3/8. விடை அவருக்கும் தெரியும், பல பிடிஎஃப்களில் பார்த்திருக்கிறார். படம் மட்டும் வரைந்ததில்லை.

இவையெல்லாம் பள்ளிக் கணக்கு. பகுதிப் பின்னம், திரிகோணமிதி, லிமிட், வகையிடல், தொகையிடல் எல்லாம் தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. அவருடைய பிரதி, கல்லூரியில் சேர்ந்த வாரமே பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது.

தேடலால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தப் புத்தகம் யாருக்குப் பொருந்தும் என்பதில் அவரை விஞ்ச ஹாஸ்டலில் ஆளில்லை. ஜூனியர்கள் தேடி வருவார்கள்.

“அண்ணா, எம் ஒன்னுக்கு எதைப் படிக்கிறது?”

“ஸ்டூவர்ட் இப்ப வேணாம்டா, முழுகிடுவ. பழைய கொஸ்டின் பேப்பர் அஞ்சு எடு. நோட்டை மூடி வச்சுட்டுப் போட்டுப் பாரு. எங்க நிக்குதோ அந்த டாபிக்கை மட்டும் கிரேவால்ல பாரு. வீடியோ பக்கமே போகாத.”

இதைவிடச் சரியான யோசனையை எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. ஜூனியர் கிரேவாலையும் இரவல் வாங்கிப் போவார். ரிசல்ட் வந்த அன்று ஒரு பாக்கெட் இனிப்போடு புத்தகம் திரும்பி வரும். இரட்டைத் தொகையிடல் பக்கங்களில் முதல்முறையாகப் பென்சில் கறை இருக்கும்.