பாஸ்வேர்டை மாற்ற முடிந்த காலம்

2010 வாக்கில் சென்னையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புது வெர்ஷனை சர்வரில் ஏற்றுவது ராத்திரி வேலை. வின்எஸ்சிபியில் ஃபைல்களை இழுத்துப் போட்டு, கான்ஃபிக் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கையால் தட்டுவோம். அது எல்லோருக்கும் பொதுவான ஓர் எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் எந்த ஸ்கிரிப்ட் எங்கே நின்றுபோகும் என்று சொல்ல ஆள் இல்லை.

2011-இல் ஹீரோகு நிறுவனத்தார் எழுதிய 'டுவெல்வ் ஃபேக்டர் ஆப்' வழிகாட்டி, கான்ஃபிக்கைக் கோடிலிருந்து பிரித்து என்விரான்மென்ட் வேரியபிளில் வைக்கச் சொன்னது. இந்த நிமிடமே உங்கள் கோடை ஓப்பன் சோர்ஸ் ஆக்கினால் ரகசியம் ஏதாவது வெளியே போகுமா என்பதுதான் அது வைத்த பரீட்சை.

இன்று புஷ் செய்தால் போதும், டெஸ்டிலிருந்து டிப்ளாய் வரை தானாக ஓடுகிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் சீக்ரெட்டை ஒருமுறை போட்டுவிட்டால் போட்டவரே திரும்பப் பார்க்க முடியாது. லாகில் வந்தால் மூன்று நட்சத்திரக் குறியாக மறைந்துவிடும். வேறு வடிவத்துக்கு மாற்றி அச்சிட்டால் அந்த மறைப்பு பலிக்காமல் போகலாம்.

இவ்வளவு வசதி வந்தும் பழைய பழக்கம் விடவில்லை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் பாஸ்வேர்ட் இருந்த 'டாட் என்வ்' ஃபைலையும் சேர்த்து புஷ் செய்துவிட்டான். "டெலீட் பண்ணி இன்னொரு கமிட் போட்டுட்டேன்கா" என்றான். ஹிஸ்டரியைத் திறந்து காட்டினேன். அவன் அழிக்கப் போட்ட கமிட்டிலேயே, மைனஸ் குறி போட்ட சிவப்பு வரியில், பாஸ்வேர்ட் முழுசாக இருந்தது. உடனே புது பாஸ்வேர்ட் போட்டோம். பைப்லைன் மறுபடி ஓடியது, எதுவும் நிற்கவில்லை. அந்த எக்ஸெல் காலத்தில் இதை யாராலும் செய்திருக்க முடியாது.

பெரிய இடங்களுக்கும் இதே பாடம்தான். ஓர் இன்ஜினியரின் லேப்டாப் வழியாக ஊடுருவல் நடந்ததால், 2023 ஜனவரி 4 அன்று, டெஸ்டையும் டிப்ளாயையும் தானாக ஓட்டும் சேவையான சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் அங்கே வைத்திருந்த சீக்ரெட்டுகள் அத்தனையையும் மாற்றச் சொன்னது. அடிக்கடி மாற்றிப் பழகியவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. மற்றவர்கள் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

முடிந்தால் நிரந்தரச் சாவியே வைக்காதீர்கள். ஓஐடிசி (ஓப்பன்ஐடி கனெக்ட்) வழியாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிறிது நேரமே செல்லும் டோக்கனை வாங்கிக்கொள்ளலாம். அது முடியாத இடங்களில், உங்கள் புரொடக்‌ஷன் பாஸ்வேர்டை இந்த வாரமே ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எது நிற்கிறதோ, அதை முதலில் சரிசெய்யுங்கள்.