சிபாரிசுக்கு ஒரு கட்டம் வேண்டி விண்ணப்பம்

கனம் பொருந்திய சட்டத்துறை அதிகாரிகளின் சமூகத்திற்கு, ஆம்பூரிலிருந்து ஒரு பிரஜை அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது:

மாவட்ட அரசு வழக்கறிஞராவதற்கு ஏழாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்றும், தகுதியுடையோர் பட்டியலை ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்திருப்பதை மெய்யென்று நம்பி, எங்கள் பிராந்தியத்து இளைஞர் சிலர் சட்ட நூல்களை இரவு பகலாகப் பாராயணம் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘சிபாரிசு செய்பவர்’ என்று ஒரு கட்டமும், அதனடியில் ‘அவர் உமக்கு என்ன முறை’ என்று மற்றொரு கட்டமும் அச்சிட்டுவிட்டால் இந்த வீண் சிரமம் ஒழியும். சால்வைக்கும் மாலைக்கும் ஆகும் செலவையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1990இல் உத்தரப் பிரதேச அரசு, மாவட்டங்களிலிருந்த தன் வழக்கறிஞர்கள் அனைவரையும் ஒரே சுற்றறிக்கையால் வீட்டுக்கு அனுப்பியபோது, ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016இல் பஞ்சாப், ஹரியானா வழக்கிலும், இந்நியமனங்கள் நேர்மையாகவும் ஒளிவுமறைவின்றியும் நடக்க வேண்டுமென்று கூறியது. இவ்வளவுக்கும் பின்னர் சிபாரிசு சிரஞ்சீவியாக இருக்கிறதென்றால், அதற்குச் சட்ட அந்தஸ்து அளிப்பதன்றோ ராஜதர்மம்!

எங்கள் ஊரில் தோலைத் தரம் பிரிப்பவர், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்து, தழும்பும் துளையும் பார்த்தே தரம் சொல்கிறார். ஆடு எந்த மந்திரியின் தொகுதியில் மேய்ந்தது என்று விசாரிப்பதில்லை. பாவம், நிர்வாகம் அறியாதவர்.

ஒரேயொரு சங்கடம் உண்டு. தோல் கழிவால் பாலாறு கெட்டது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நிலைநாட்டிய உச்ச நீதிமன்றம், அதில் துணைநின்ற வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவுக்குத் தமிழக அரசே 50,000 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது. தனக்காக வாதாடாத ஒருவருக்கு அரசு கட்டணம் செலுத்த நேர்ந்த அந்த விசித்திர சமயத்தில், அவர் எந்தப் பிரமுகரின் கடிதம் கொண்டுவந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை போலும். அந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2025 ஜனவரியில்கூட நஷ்டஈடு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. அந்த வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படிக்கவாவது அரசு தரப்பில் ஆள் வேண்டுமல்லவா?

ஆகவே, கட்டம் அச்சிடுவது சாத்தியமில்லையெனில், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கான பெயர்ப்பட்டியலை, ஒவ்வொருவரும் நடத்திய வழக்குகளின் விவரத்துடன் கோர்ட்டு வாசலில் ஒட்டிவைக்க உத்தரவாகும்படி பிரார்த்திக்கிறேன்.