ஆயில் எவ்வளவு? குச்சியைக் கேட்கலாம்

கேள்வி: ஆயிலைத்தான் சர்வீஸில் மாற்றுகிறார்களே, நடுவில் பானெட்டைத் திறந்து பார்க்க வேறு வேண்டுமா?

பதில்: வேண்டும். இப்போதைய கார்களுக்கு சர்வீஸ் இடைவெளி பெரும்பாலும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. ஊற்றிய ஆயில் அத்தனை தூரமும் அளவு குறையாமல் இருக்காது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டும் சிறு துளிகள் எரிபொருளோடு சேர்ந்து எரிந்துபோகின்றன; நல்ல இன்ஜினிலும் இது நடக்கும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று சில நிறுவனங்களின் கையேட்டிலேயே இருக்கிறது. சின்ன பெட்ரோல் காருக்கு மொத்தமே 3 முதல் 3.5 லிட்டர்தான் பிடிக்கும். அந்தக் கணக்கில் குடிக்கிற வண்டி அடுத்த சர்வீஸ் வரை தாங்காது. போதாக்குறைக்கு வேகத்தடையில் சேம்பர் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடிபட்டுக் கசிவதும் உண்டு, டிரெயின் போல்ட்டின் வாஷர் நைந்து சொட்டுவதும் உண்டு. 1,000 கி.மீ.க்கு ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முந்தின நாளும் பார்த்துவிடுவது நல்லது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிற வண்டிக்கு இது கட்டாயம். ஆயில் குறைந்திருந்தால், வண்டி சாய்ந்து திரும்பும்போது மிச்சமும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும்.

கேள்வி: உறிஞ்சிவிட்டுப் போகட்டுமே, கொஞ்ச தூரம்தானே?

பதில்: அந்தக் கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் சீஸ் ஆகிவிடும். கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் தண்டு அதன் மேல்தான் மிதக்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், சூடேறும், பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்ப்பதா, ஆறின பிறகா? மெக்கானிக் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்கிறார்.

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், அவரவர் காரின் கையேடு வேறாக இருந்திருக்கும். பொதுவாக, ஓடிச் சூடேறிய வண்டியை நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் விட்டுப் பார்ப்பது ஒரு முறை. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பார்ப்பது இன்னொரு முறை. கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஒவ்வொரு தடவையும் கடைப்பிடிக்க வேண்டும். நிறுத்திய உடனே பார்த்தால் மேலே ஏறிய ஆயில் இன்னும் சேம்பருக்கு இறங்கியிருக்காது; குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறிவிடும். இடமும் முக்கியம். வீட்டு வாசலின் சாய்தளத்தில் நிற்கும் கார் பொய்க்கணக்குத்தான் காட்டும். தெருவின் சமதளத்துக்கு இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கின் பிடி பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையமாக இருக்கும். முதல் முறை உருவும்போது தெரியும் அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஓட்டத்தில் தெறித்த ஆயில் குச்சி முழுக்கப் பூசியிருக்கும். நூல் பிரியாத துணியால் சுத்தமாகத் துடைத்து, அடிவரை அழுத்திச் செருகி, மறுபடி உருவ வேண்டும். இப்போது தெரிவதுதான் கணக்கு. குச்சியைப் படுக்கை வாட்டத்தில் பிடிக்க வேண்டும். நுனியை மேலே தூக்கினால் ஆயில் கீழ்நோக்கி வழிந்து அளவு கூடினதுபோல் காட்டும். இரு பக்கமும் பார்த்து, எது குறைவோ அதைக் கொள்வது பாதுகாப்பு. நுனியருகே இரண்டு குறிகள் இருக்கும்: சில கார்களில் துளைகள், சிலவற்றில் கோடுகள், சிலவற்றில் குறுக்குக்கோடு போட்ட பட்டை. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர்.

கேள்வி: அளவு சரியாக இருக்கிறது, ஆனால் ஆயில் கன்னங்கரேல் என்றிருக்கிறதே?

பதில்: கறுத்தால் கெட்டது என்று அர்த்தமில்லை. கரியைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வது ஆயிலில் சேர்க்கப்பட்ட சலவைப்பொருளின் வேலை. டீசல் காரில் புது ஆயிலே சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும். விரலில் தேய்த்தால் மணல்போல் நெருடுவதும், உலோகத்தூள் மின்னுவதும்தான் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

கேள்வி: பைக்குக்கு வாங்கிய 20டபிள்யூ-40 அரை டப்பா வீட்டில் சும்மா இருக்கிறது. காரில் ஊற்றிவிடலாமா?

பதில்: அது பைக்குக்கே இருக்கட்டும். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கிறது, பின்னால் உள்ளது, 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையை. 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30க்கு என்று வடிவமைத்த இன்ஜினின் நுண்ணிய இடைவெளிகளுக்குக் கெட்டி ஆயில் தாமதமாகவே போய்ச் சேரும்; மைலேஜும் குறையும். கிரேடோடு தரக்குறியையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு 2020இல் வந்த ‘ஏபிஐ எஸ்பி’ பழைய எஸ்என் கேட்கும் இன்ஜின்களுக்கும் பொருந்தும். புகைக்கரி வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் காருக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும். மற்றது வடிகட்டியை அடைத்துவிடும். கிரேடும் தரமும் ஒத்திருந்தால் வேறு கம்பெனி ஆயிலைக் கலப்பதில் தவறில்லை. நடுவழியில் சரியான கிரேடு கிடைக்கவே இல்லையென்றால், வறண்ட இன்ஜினை ஓட்டுவதைவிட அடுத்த நெருங்கிய கிரேடில் அரை லிட்டர் ஊற்றுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: எவ்வளவு ஊற்றுவது? நல்ல பொருள்தானே, கூடுதலாக இருந்தால் என்ன?

பதில்: கூடுதலும் கெடுதல்தான். மேல்குறியைத் தாண்டி ஏறிய ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் அடித்துக் கடையும். நுரைத்த ஆயிலில் காற்றுக்குமிழ்தான் மிகுதி. அது பேரிங்கைத் தாங்காது. சீல்கள் கசியும், மிச்ச ஆயில் எரிந்து நீலப்புகையாக வெளியேறும், கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும். அதனால் நிதானமாக ஊற்ற வேண்டும். ஆயில் கேன் படம் போட்ட மூடியைத் திறந்து, புனல் வைத்து, முதலில் கால் லிட்டர். ஓரிரு நிமிடம் இறங்க விட்டுக் குச்சியைப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் லிட்டர். மேல்குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டால் போதும். மிஞ்சிப்போனால் உறிஞ்சியோ வடித்தோ எடுத்துவிட வேண்டும். ஓட ஓடக் குறைந்துவிடும் என்று விடக் கூடாது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே?

பதில்: அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கி அழுத்தம் விழுந்த பிறகே அது எரியும். அப்போது செய்ய வேண்டியது, ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைப்பது. அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்ற நினைப்பில்தான் இன்ஜின்கள் போகின்றன.

கேள்வி: என் கார் அதிசயக் கார். நான் ஊற்றாமலே ஆயில் கூடுகிறது!

பதில்: சேர்வது ஆயில் அல்ல. டீசல் காரில் கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் அதில் ஒரு பகுதி சேம்பரில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். முகர்ந்தால் டீசல் வாடை வரும். குச்சியில் பால்காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற காருக்கு இந்தச் சோதனை உயிர்நாடி. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நீர் வடிந்ததும் முதல் ஆசை சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். அதற்கு முன் குச்சியை உருவ வேண்டும். தண்ணீர் அடியில் தங்கி ஆயிலை மேலே தூக்கியிருக்கும். அளவு மேல்குறிக்கு வெகு மேலே நிற்கும், நுனியில் நீர்முத்துகள் தெரியும். அப்படியானால் ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்ல வேண்டும். குச்சி சரியாகக் காட்டினாலும், தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தால் இதையேதான் செய்ய வேண்டும்.

கேள்வி: பானெட் முழுக்கத் தேடியும் குச்சியே காணோமே?

பதில்: சில சொகுசுக் கார்களில் குச்சி கிடையாது; சென்சார் அளந்து திரையில் காட்டும். மின்சாரக் காராக இருந்தால் தேடவே வேண்டாம்: அதில் இன்ஜினும் இல்லை, இன்ஜின் ஆயிலும் இல்லை.