ஃபயர்வால் சார்

திருச்சி தில்லை நகரில் கிராஸுக்கு ஒரு டாக்டர் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது கிராஸுக்கு நாலு டாக்டர், ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு நீட் கோச்சிங், மாடி வீட்டில் ஒரு ஃபயர்வால் சார். மற்றவர்களுக்கெல்லாம் போர்டு உண்டு. இவருக்குத் தேவையில்லை. சாயங்கால வேளையில் ஏதாவது கிளினிக் வாசலில், கழித்துப்போட்ட சிபியு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவுக்கு நிற்கும் அறுபது சொச்ச வயதுக்காரரைப் பார்த்தால், அவர்தான்.

கிளினிக் வாசலில் ஏன்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அதுவரை டோக்கன் போட்டுக்கொண்டும் பில் அடித்துக்கொண்டும் தேமே என்று இருந்த ரிசப்ஷன் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. ஊருக்கு அது மின்கழிவு; நம்மவருக்கு அறுவடைக் காலம்.

"நாலாம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ராம். இதைப் போய் எடைக்குப் போடறேங்கிறாரு!" என்று அங்கலாய்த்தபடி வீட்டுக்குக் கொண்டுபோவார். மறுநாள் காலை அதே கிளினிக்கில் வரிசையைத் தாண்டி உள்ளே நுழைவார். நோய் எதுவும் இல்லை. "டாக்டர், உங்க பேஷண்ட் அத்தனை பேர் ரிப்போர்ட்டும் அந்த ஹார்டு டிஸ்க்குல அப்படியே இருக்கு. என் கையில கிடைச்சதால பிழைச்சீங்க. காயலான் கடைக்குப் போயிருந்தா?"

"எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டோமே சார்."

"டெலிட் பண்ணா போறது பேரு மட்டும்தான். ஆளு உள்ளதான் இருப்பான். டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுதணும்." பூஜ்யத்தை எழுதும் முறையை அவர் விளக்கி முடிப்பதற்குள், வெளியே டோக்கன் எண் 17 இருமி இருமிக் களைத்து மெடிக்கல் ஷாப்பில் தானே மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இப்படிப்பட்ட ஃபயர்வால் சார்களில் ரயில்வே ஆசாமிகள் உண்டு, துப்பாக்கித் தொழிற்சாலை ஆசாமிகளும் உண்டு. ஆனால் அசல் ரகம் பெல் ரிட்டயர்டுதான். 1965-ல் திருவெறும்பூரில் தொடங்கிய பாய்லர் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர் என்று வையுங்கள். ஒரு பாய்லர் எவ்வளவு அழுத்தத்தில் ஓடப்போகிறதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். திறந்து பார்க்காத எதையும் நம்பாத அந்தக் கையெழுத்து, ரிட்டயர் ஆன மறுநாள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மிக்சி, கீசர், வாட்டர் பியூரிஃபையர் எல்லாம் திறந்து மூடியாகிவிட்டது. மிச்சம், நெட் கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளை டப்பா.

அந்த டப்பாவை அவர் ரவுட்டர் என்று வாயால் சொல்லவே மாட்டார். "அந்த டப்பா" என்பார். "அதுக்கு கடைசியா எப்ப அப்டேட் வந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? பாஸ்வேர்டு மாத்தினீங்களா?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைக் கேட்பார். அவர் பாயசத்தில் கவனமாக இருந்தாலும் விடமாட்டார். 2016-ல் மிராய் என்ற வைரஸ், ஆலையிலேயே போட்டு அனுப்பும் சுமார் 60 பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே உலகமெங்கும் கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது. அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவிவிட்டு அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் மணிக்கணக்கில் முடக்கியது. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் மோடம்கள் ஏராளமாக அடிவாங்கின. மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுதான் வாசல். 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்று ஒன்று ஐந்து லட்சம் ரவுட்டர்களில் புகுந்தது.

"அதுக்கு எஃப்பிஐ என்ன சொல்லிச்சு தெரியுமா? எல்லாரும் ரவுட்டரை அணைச்சுப் போடுங்கன்னு!"

"நம்ம கஸ்டமர் கேர் பையனும் அதைத்தானே சொல்றான்," என்பார் அவர் மனைவி. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். அந்த வீட்டில் உண்மையான ஃபயர்வால் யார் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும்.

டப்பாவுக்குப் பதிலாகக் கிளினிக் சிபியுவையே ரவுட்டரும் ஃபயர்வாலுமாக மாற்றுவதுதான் சாரின் வைத்தியம். டீச்சர் ஒரே ஒரு தடவை, "நல்லா இருக்கிற கம்ப்யூட்டரை எதுக்குங்க ரவுட்டர் ஆக்கணும்?" என்று கேட்டுவிட்டார். ஒரு மாதம் பதில் வந்தது. ரவுட்டர் என்பதே கம்ப்யூட்டர்தான்; 1969-ல் ஆர்பாநெட் தொடங்கியபோது அந்த வேலையைப் பார்த்தது ஹனிவெல் 516 என்ற கம்ப்யூட்டர்; 1986-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட்டில், டேவிட் மில்ஸ் எழுதிய மென்பொருளோடு எல்எஸ்ஐ-11 கம்ப்யூட்டர்கள்தான் வழி காட்டின, அதுவும் 56 கிலோபிட் வேகத்தில்; டப்பா என்பது பிறகு வந்த வியாபாரம். பிறகு, கம்ப்யூட்டரை ஃபயர்வால் ஆக்கும் மென்பொருள்களின் வம்சாவளி. மோனோவால் பெற்றது பிஎஃப்சென்ஸ், 2004. அதிலிருந்து 2015-ல் பாகம் பிரிந்து போனது ஓபிஎன்சென்ஸ். மோனோவாலை எழுதிய மானுவேல் காஸ்பர் தன் கடையை மூடும்போது, எல்லாரும் ஓபிஎன்சென்ஸுக்குப் போங்கள் என்று கைகாட்டினார். இதைச் சொல்லும்போது சாருக்குக் குரல் கம்மும்.

கட்டும் வேலை ஒரு சனிக்கிழமை ஆரம்பிக்கும். எந்தச் சனிக்கிழமை முடியும் என்று சொல்வதற்கில்லை. கேபினட்டைத் திறந்ததும் கிளினிக்கின் பத்து வருஷத் தூசு ஹாலுக்கு வரும். ஃபேனைக் கழற்றி, பிராசசர் மேல் காய்ந்து கிடக்கும் பேஸ்டைச் சுரண்டி, புதுசு தடவுவார். ரவுட்டருக்கு நெட்வொர்க் வாசல் இரண்டு வேண்டும்: ஒன்று வெளியுலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. பழைய கம்ப்யூட்டரில் இருப்பதோ ஒன்று. இன்னொரு கார்டு செருக வேண்டும். இங்கேதான் ஜாதகப் பொருத்தம். ரியல்டெக் ஆகாது, இன்டெல்தான் வேண்டும். கடைக்காரர், "ரெண்டும் ஒரே வேலைதான் சார் செய்யுது" என்றால், அந்தக் கடையில் அன்றோடு சரி.

எல்லாம் பூட்டி, மானிட்டரையும் கீபோர்டையும் பிடுங்கிவிட்டுப் பரண் மேல் ஏற்றினார். நாலு நாள் அமோகமாக ஓடியது. ஐந்தாம் நாள் இரவு கரண்ட் போய் வந்தது. நெட் மட்டும் வரவில்லை. மகன் பெங்களூர் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் நின்றான். சார் ஏணி போட்டு ஏறி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு மானிட்டரைச் செருகினால், திரையில் ஒரு வரி: கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1-ஐ அழுத்தவும். கீபோர்டு இல்லை என்று சொல்லிவிட்டு, இல்லாத கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும் அந்த நியாயத்தை உலகமெங்கும் கம்ப்யூட்டர்காரர்கள் பல காலமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பரணில் தொங்கிக்கொண்டு பார்த்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. பயாஸில் போய் அந்தப் பிடிவாதத்தை அணைத்து, கரண்ட் வந்ததும் தானே எழுந்திருக்கும்படி வைத்து, செத்துப்போயிருந்த சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினார். அந்தப் பேட்டரி செத்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். தேதி தப்பினால் இணையத்தில் ஒரு சான்றிதழும் செல்லாது.

வைஃபை? கேபினட்டுக்கு அந்தக் கலை வராது. ஆகவே, விரட்டப்பட்ட வெள்ளை டப்பாவையே திரும்ப அழைத்துவந்து, மூளையை அணைத்து, வைஃபை மட்டும் வீசும் உத்தியோகத்தில் போட்டார். மாட்டியது அதே ஆணியில்.

டீச்சர் பேசாமல் இருந்தது மின்கட்டணம் வரும்வரை. வந்ததும் ரஃப் நோட்டை எடுத்தார். பெட்டி இழுப்பது 70 வாட். ஒரு நாளைக்கு 24 மணி, இரண்டு மாதத்துக்கு 60 நாள். பெருக்கினால் 100 யூனிட்டும் கொசுறும். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். "அரசாங்கம் ஜனங்களுக்குக் கொடுக்கிறதை அப்படியே உங்க பெட்டி சாப்பிட்டு ஏப்பம் விடுது," என்றார். சார் வாயைத் திறக்கவில்லை. பத்து வாட்டில் ஓடும் சின்னப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன என்று நான்கூட எடுத்துச் சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புதுசு வாங்கி மாட்டறதுல என்ன இருக்கு?"

இன்னொரு செலவு டீச்சருக்கு இன்னும் தெரியாது. பல நெட் கம்பெனிகள் நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. வெளியாள் நேரே வந்து உங்கள் வாசலைத் தட்ட வழியில்லை. ஃபயர்வால் போட்ட முதல் வாரம் சார் லாகைத் திறந்து திறந்து பார்த்தார். ஓர் எதிரிகூட வரவில்லை. வெளியூரிலிருந்து வீட்டுக்குள் நுழைய வயர்கார்டு என்ற சுரங்கப்பாதை போடவேண்டும் என்ற நியாயமான காரணத்தைச் சொல்லி, கூடுதல் பணம் கட்டித் தனிப் பொது முகவரி வாங்கினார். அன்று ராத்திரியே ஊர் உலகத்து ரோபோக்கள் எல்லாம் 23-ஆம் எண் கதவைத் தட்ட ஆரம்பித்தன. மறுநாள் வாக்கிங்கில் அவர் முகத்தில் அப்படி ஒரு களை. "ராத்திரி மட்டும் எத்தனை நாட்டுக்காரன் வந்தான் தெரியுமா? ஒருத்தனையும் விடலை." காசு கொடுத்து எதிரியை வரவழைத்துத் தடுத்த முதல் தற்காப்பு இதுவாகத்தான் இருக்கும்.

பாதுகாப்பு முற்றியதும் வீட்டைப் பிராகாரம் பிராகாரமாகப் பிரித்தார். மாதிரி, ஸ்ரீரங்கம். "டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாம் சித்திரை வீதியோட நின்னுடணும். போனு, லேப்டாப்பு உத்திர வீதி வரைக்கும் வரலாம். நம்ம பேங்க் கம்ப்யூட்டர் கர்ப்பகிரகம்." வீலேன் என்ற சங்கதியை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வரலாற்றுப் பேராசிரியர் சும்மா இருப்பாரா? "ஏழு பிராகாரம் இருந்தும் 1323-ல டெல்லிப் படை உள்ள வந்துடுச்சே சார்?"

"வந்துச்சு. என்ன கிடைச்சுது? உற்சவரை முன்னாடியே பிள்ளை லோகாச்சாரியார் வெளிய எழுந்தருளப் பண்ணிட்டாரே! அதுதான் ஆஃப்சைட் பேக்கப். 1371-ல ரீஸ்டோர்." பேராசிரியர் அன்று வாக்கிங்கைப் பாதியில் முடித்துக்கொண்டார்.

ஆனால் ரெங்கநாதர் விஷயத்தில் சார் அடிவாங்கிய நாளும் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின ராத்திரி விளம்பரத் தடுப்புப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டுப் படுத்தார். விடியற்காலை எண்பது தாண்டிய அவர் அம்மா குளித்து, நாமம் இட்டு, பரமபதவாசல் நேரலைக்காக டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சார் லேப்டாப்பில் பட்டியலை வரி வரியாகத் தேடுகிறார்; கோயில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்பதுபோல் அம்மாவுக்கு ஒரு பிரமை. "ஏண்டா, சொர்க்கவாசலே திறந்தாச்சு, உன் வாசல் திறக்க மாட்டேங்குதே!" கடைசியில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் செல்போனில், அவர் மொபைல் டேட்டாவில், உள்ளங்கை அகலத்தில் தரிசனம் நடந்தது.

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதில் பெரும்பாலும் தப்பில்லை. அப்டேட் நின்றுபோன டப்பாவுக்கும் திறந்த கதவுக்கும் வித்தியாசம் குறைவு. பத்து வருஷக் கம்ப்யூட்டர் 100 எம்பிபிஎஸ் இணைப்பை அசையாமல் தாங்கும். எடைக்குப் போவதைவிட அது ஏதோ ஒரு பரணில் உயிரோடு இருப்பது மேல். எனக்கு உள்ள ஒரே மனத்தாங்கல், அவர் மச்சினர் வீடு, சம்பந்தி வீடு என்று நிறுவிவிட்டு வரும் பெட்டிகள்மீதுதான். அங்கெல்லாம் அப்டேட் போட ஆள் கிடையாது. இரண்டு வருஷத்தில் அதுவும் ஒரு டப்பா, கொஞ்சம் பெரிய டப்பா.

போன மாதம் மண்ணச்சநல்லூர் அக்கா வீட்டிலிருந்து வேறொன்று வந்திருக்கிறது. 2011-ல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி. பேரன் படித்து, வேலைக்குப் போய், மறந்தது. திரையில் கோடு, கீபோர்டில் நாலு எழுத்து இல்லை. ஓபிஎன்சென்ஸுக்கு ராம் போதாது. ஆனால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற சின்ன மென்பொருள் கைக்கடக்கமாக உட்கார்ந்துவிட்டது. பேட்டரி கொஞ்சம் உயிரோடு இருப்பதால் கரண்ட் போனாலும் அணையாது. இழுப்பதும் பெரிய பெட்டியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. டீச்சர் ரஃப் நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு, முதன்முறையாகத் தலையாட்டினார்.

"அப்ப பரண்ல இருக்கிற அந்தப் பெரிய பெட்டியை எடைக்குப் போட்டுடலாம்ல?"

சார் பதறிவிட்டார். "அது ஸ்டாண்ட்பை! ஸ்டாண்ட்பை இல்லாம ஒரு பம்ப்பைக்கூட நாங்க ஓட்டினது கிடையாது. பரண்ல சூடு ஜாஸ்தி, கீழ இறக்கி வைக்கப் போறேன்."

"கீழன்னா எங்க?"

"உன் தம்பி வந்தா தங்குற ரூம்ல. அவன்தான் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றானே."