நாலாம் வேற்றுமைக்கு ஒரு பிளேன்ரி

மருமோன், திருக்கடலூர்க் கரையில வள்ளத்தடியில குந்தியிருந்து, "மாமா, கடலுக்குப் போறவனுக்கு எதுக்கு உந்த நாலாம் வேற்றுமை?" எண்டு கேட்டாய். கேள்வியில எத்தினை 'கு' எண்டு எண்ணிப் பார். கடலுக்கு, போறவனுக்கு, எதுக்கு. மூண்டு! அதை வேண்டாம் எண்டு சொல்லவும் உனக்கு அதுதான் வேண்டிக்கிடக்கு.

பவணந்தி முனிவர் நன்னூலில அந்தக் 'கு' உருபுக்கு ஏழு பொருள் சொல்லி வைச்சிருக்கிறார்: கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை. 13ஆம் நூற்றாண்டு மனுசன். குடுக்கிறதையும் குத்துறதையும் ஒரே உருபில கட்டிவிட்டார் பாத்தியே! பிள்ளையாருக்குத் தேங்காய் எண்டால் கொடை. சூடைக்குச் சீலா எண்டால் பகை.

உந்தத் திருகோணமலைத் துறைமுகத்தையே எடு. 1782 ஜனவரியில ஒல்லாந்தரிட்ட இருந்து ஆங்கிலேயருக்குப் போச்சு. அதே வருசம் ஆகஸ்டில பிரெஞ்சுக்காரருக்கு. பிறகு திரும்பவும் ஒல்லாந்தருக்கு, 1795இல பழையபடி ஆங்கிலேயருக்கு. எல்லாம் 'கு'தான், கொடை எங்க கிடக்கு? நாட்டுக்குச் சுதந்திரம் 1948இல கிடைச்சும், கடற்படைத் தளம் எங்களுக்கு வர 1957 ஆச்சு. வந்தவனெல்லாம் வாயால "உங்களுக்கு" எண்டான், கையால தனக்கு அள்ளினான்.

அதுவாதல் எண்டால் வெருளாத. வள்ளத்துக்குப் பலகை, வலைக்கு நூல். பலகைதானே வள்ளமாகுது. இப்ப வள்ளத்துக்கு ஃபைபர் எண்டு சொன்னாலும் பவணந்தி கோவிக்கமாட்டார்.

"எனக்குப் பசிக்குது", "எனக்கு விளங்கேல்ல" எண்டு நாள் முழுக்கப் பாடுறாயே, அது ஏழில எதுக்குள்ள அடங்கும்? வாத்தியாரைக் கேள். மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கத் தொடங்குவார்.

நீ சல்லிப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறது எதுக்கெண்டு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டைக்கு மாப்பிள்ளை எண்டால் முறை. சீதனத்துக்கு மாப்பிள்ளை எண்டால் பொருட்டு, கூலிக்குக் கரைவலை இழுக்கிறவனும் நீயும் ஒரே சூத்திரத்துக்குள்ள. அவனெண்டாலும் வேர்வை சிந்துறான்.

சரி, எழும்பு. கடைக்குப் போய் எனக்கொரு பிளேன்ரி வாங்கிக்கொண்டு வா. இந்த 'எனக்கு' என்ன பொருள்? கொடை. காசு நீதான் குடுக்கோணும்.