ஆறு எம்.எம். கிரகஸ்தன்

மகள் துப்பாக்கி சுடப் பழகுகிறாள் என்று யாரிடமாவது சொன்னால், அவர் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். வீட்டில் நான் என்ன செய்து இந்த நிலைமையைக் கொண்டுவந்தேன் என்று மனசுக்குள் ஒரு விசாரணைக் கமிஷன் நடக்கும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய பிறகுதான் சொந்தக்காரர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

மகள் சுடுவதும் ஐம்பது மீட்டர்தான். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு அறுபது குண்டு. பத்து மார்க் கிடைக்கிற நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சட்டைப் பித்தான். அவளுக்கு அந்தப் பித்தான் தெரிகிறது. எனக்கு அது மாட்டியிருக்கிற சுவர் தெரிகிறது, அதுவும் கண்ணாடி போட்டால்.

இந்த விளையாட்டில் அப்பாவுக்கு வேலையே கிடையாது. மூச்சை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று சொல்ல கோச் இருக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டால் கை நடுங்காது என்று சொல்ல அம்மா இருக்கிறாள். அப்பா ஸ்கூட்டர் ஓட்டலாம். ஓட்டிக்கொண்டுபோய் ரேஞ்ச் வாசலில் வேப்பமரத்தடியில் மற்ற அப்பாக்களோடு உட்கார்ந்து பெட்ரோல் விலை பேசலாம். அதனால்தான் ஒருநாள் மகள் வெளியே வந்து, "அப்பா, ஸ்டாக் ஸ்க்ரூ போயிடுச்சு. புதுசு வேணுமாம்" என்றபோது எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வேப்பமரத்தடியில் யாருக்கும் கிடைக்காத வேலை.

கிளப்புக்குச் சொந்தமான பழைய ஆன்ஷூட்ஸ் அது. பாயிண்ட் டூ-டூ, ஜெர்மனியில் ஊல்ம் நகரத்துச் சரக்கு, வால்நட் கட்டை. குழாயும் இயந்திரமும் ஒரே இரும்பு உடம்பு. அதைக் கட்டையோடு பிடித்து வைத்திருப்பவை அடியிலிருந்து ஏறுகிற இரண்டே ஸ்க்ரூக்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் ஸ்க்ரூவில் யாரோ புண்ணியவான் பொருந்தாத அலன் கீயை விட்டுத் திருகியிருக்கிறார். ஆறு மூலை இருந்த குழி வழுவழுவென்று வட்டமாகிவிட்டது. இனி இறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. லூசாக இருந்தால் இரும்பு கட்டைக்குள் மயிரிழை நகரும், குண்டு பித்தானை விட்டு வெளியே போகும். அளவுக்கு மீறி முடுக்கினாலும் குண்டு சிதறும். "அஞ்சு நியூட்டன் மீட்டர்ல டைட் பண்ணணும் சார்" என்றார் கோச். எனக்குத் தெரிந்த அளவுகள் இரண்டுதான்: கையால் முடுக்குவது, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

இதில் ஒரு சிக்கல். ரைஃபிள் லைசென்ஸ் சமாசாரம். கிளப் ஆயுத அறையில் பூட்டிக் கிடக்கும், வெளியே வராது. பாரிமுனையிலோ எந்தக் கடைக்காரரும் முதலில் சொல்வது, "பொருளைக் கொண்டாங்க சார், போட்டுப் பாத்துக் குடுத்துடறேன்." நான் கொண்டுபோனது ஒரு விபூதி டப்பாவும் அதற்குள் ஒரு செத்த ஸ்க்ரூவும்.

கடைப் பையன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "ரெண்டு நூலா சார்?"

இஞ்சுக்கு எட்டு நூல். ரெண்டு நூல் என்றால் கால் இஞ்ச். நான் வெர்னியர் வைத்து அளந்துகொண்டு வந்திருந்த திமிரில், "ஆறு எம்.எம்." என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ரெண்டு நூல் 6.35 தம்பி. இது 6. மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர்."

கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்தார். "எதுக்கு சார் இது? கிரைண்டருக்கா?"

"துப்பாக்கிக்கு."

பக்கத்தில் வாஷர் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை மறந்தார். முதலாளி செல்போனை மெதுவாகக் கீழே வைத்தார். "தம்பி, சாருக்குத் தண்ணி குடு" என்றார். நான் அவசர அவசரமாக மகள் கழுத்தில் மெடலோடு நிற்கிற போட்டோவை எடுத்துக் காட்டிய பிறகுதான் கடைக்குள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அவர் தன் பையனை எந்த வயதில் சேர்க்கலாம் என்று விசாரித்தார். ஸ்க்ரூ கிடைக்கவில்லை. ஆறு எம்.எம். இருந்தது, நீளம் இல்லை.

நீளம் சும்மா இல்லை. ஸ்க்ரூ குட்டையானால் நாலு மரைதான் பிடிக்கும். நெட்டையானால் நுனி உள்ளே போய் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகிவிட்டது போலிருக்கும், கட்டை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஏஜெண்ட் மூலம் ஜெர்மனியிலிருந்தே வரவழைக்கலாம் என்றார்கள். ஸ்க்ரூ விலையைக் கேட்டேன், பரவாயில்லை. அது வந்துசேரும் செலவைக் கேட்டதும், பயணத்தை அது மேற்கொள்ள வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

எதிர்வீட்டு மாமா டெலிபோன்ஸில் ரிட்டையர் ஆனவர். விஷயம் கேள்விப்பட்டு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதற்குள்ளிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து, "இந்தா, அச்சு அசல் இதேதான்" என்றார். விட்டம் ஆறு, மரை ஒரு மில்லிமீட்டர், நீளம்கூடச் சரி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பேருக்கு ஒரு எம்-சிக்ஸ் நட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்புறம் கடித்துக்கொண்டது. "எண்ணெய் விடு, போயிடும்" என்றார் மாமா.

போகாது. அது 1884-இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் சிபாரிசு செய்த பி.ஏ. வகையின் சைபர் நம்பர் ஸ்க்ரூ. அந்தக்கால டெலிபோன் சாமான்களில் ஏகமாகப் புழங்கியது. அகலமும் இடைவெளியும் எம்-சிக்ஸேதான், மரையின் கோணம் மட்டும் வேறு: அதற்கு 47.5 டிகிரி, இதற்கு 60. ரைஃபிளில் விட்டு முடுக்கியிருந்தால் சில ரூபாய் ஸ்க்ரூ போய், இரும்பு உடம்பின் மரையே போயிருக்கும். மாமாவுக்கு இதை விளக்கினேன். அவர் டின்னை மூடிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பேப்பரைக்கூட இரவல் கேட்கவில்லை.

மரையைப் பற்றி ராத்திரியில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இப்படித்தான் தொற்றிக்கொண்டது. 1841-க்கு முன்னால் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்கிற மனிதர்தான் 55 டிகிரி, கால் இஞ்ச் ஸ்க்ரூவில் இஞ்சுக்கு இருபது மரை என்று ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார். இதே விட்வொர்த் அறுகோணத் துளை வைத்து ஒரு ரைஃபிளும் செய்தார். 1860 ஜூலையில் விம்பிள்டன் மைதானத்தில் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷனின் முதல் போட்டியை விக்டோரியா ராணி அந்த ரைஃபிளைச் சுட்டுத்தான் தொடங்கிவைத்தார். சுட்டார் என்பது மரியாதைக்கு. ரைஃபிள் ஏற்கெனவே குறிபார்த்து ஸ்டாண்டில் பூட்டி வைத்திருந்தது. ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். நானூறு கஜத்துக்கு அப்பால் நடு மையத்திலிருந்து ஒன்றரை இஞ்சுக்குள் குண்டு பாய்ந்தது. கைதட்டல் ராணிக்கு. முடுக்கி வைத்தவரை யார் பார்த்தார்கள்!

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

"அவர் ஸ்க்ரூ செஞ்சார். நீங்க ஸ்க்ரூ தேடுறீங்க. லைட்ட அணைங்க" என்றாள்.

வில்லிவாக்கம் லேத் பட்டறையில் காரியம் முடிந்தது. கறுப்பு அலன் போல்ட், தலையில் 12.9 என்று பொறித்திருக்கும். போல்ட்டிலேயே முரட்டு ரகம், வேண்டியதைவிட நீளமாகவே வாங்கியிருந்தேன். லேத்காரர் முதலில் ஒரு நட்டைத் தலைவரைக்கும் ஏற்றிவிட்டார். பிறகு பழைய ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்து, கட்டிங் வீலில் நுனியைச் சீவினார். பொறி பறந்தது. அறுபட்ட முனை பிசிறு பிசிறாக நின்றது. அரத்தால் விளிம்பைச் சுற்றிலும் நாலு இழுப்பு. அப்புறம் அந்த நட்டைத் திருப்பிக் கழற்ற, வெளியே வரும்போதே அது மரையைச் சீர்பண்ணிக்கொண்டு வந்தது. தலையையும் பழையதன் அளவுக்கு ஒரு நூலிழை கடைந்து கொடுத்தார். நான் 47.5 டிகிரி பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

கோச் ஸ்க்ரூவைக் கையால் ஏற்றி, டார்க் ரென்ச்சால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்வரை முடுக்கினார். மகள் படுத்தாள். ஒரு சரம் சுட்டுவிட்டு எழுந்து வந்ததும் ஓடிப்போய், "ஸ்க்ரூ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"என்னது?" என்றாள், காதிலிருந்து அடைப்பானை எடுத்தபடி. "ஓ அதுவா? தெரியலப்பா. தண்ணி பாட்டில் குடு."

பாரிமுனைக்காரர் சில்லறையாக ஒற்றை போல்ட் தர மறுத்து முழுப் பாக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டதைச் சொல்ல மறந்தேனே. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது ஆடினாலும் எம்-சிக்ஸ்தான். ஊஞ்சல் சங்கிலிக் கொக்கியில் இரண்டு, பால்கனி கொடிக் கம்பியில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் நாலு. போன வாரம் கிரைண்டரின் அடித்தட்டு ஆடுகிறது என்று மனைவி கூப்பிட்டாள். அலன் கீயோடு போய்க் குனிந்தேன்.

"எத்தனை நியூட்டன் மீட்டர் வைக்கட்டும்?"

"மாவு வழியாத அளவுக்கு வைங்க."