கார்புரேட்டர் கழுவுதலில் இட்லித் தட்டின் இடம்

வீட்டில் வைத்தே பழைய காரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் ஸ்பானரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பாத்திரத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. களம்: எங்கள் வீட்டு போர்டிகோ. ஆய்வுப் பொருள்: ஒரு பிரிமியர் பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டர்.

மூன்று மாதம் ஓடாமல் நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். காரணம் தெரிந்ததுதான். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போக, பிசின் மாதிரி ஒரு கசடு தங்கி ஐடில் ஜெட்டை அடைத்துக்கொள்ளும். ஜெட் என்பது நடுவில் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. அதில் பொறித்த எண்ணே துளையின் விட்டம்: 120 என்றிருந்தால் 1.20 மி.மீ. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து எண் பொய்யாகிவிடும். ஆகவே பெட்ரோலில் ஊறப்போட்டு, காற்றடித்து ஊத வேண்டும்.

எதில் ஊறப்போடுவது?

தாம்பாளமே தக்கது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? தாம்பாளத்தில் திருகு உருளும். எது எந்த இடத்துத் திருகு என்பது மறக்கும். மேலும் எங்கள் வீட்டுத் தாம்பாளத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்திய சாசனம் ஒன்று உள்ளது: என் மாமியார் பெயர், 'அன்பளிப்பு', ஒரு தேதி. இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பழைய சாசனங்களில் எழுதிவைப்பார்கள். எவர்சில்வரில் எழுதுவதில்லை, வாயால் சொல்லிவிடுகிறார்கள்.

இட்லித் தட்டோ இதற்கென்றே வடித்தது. நான்கு குழி, நான்கு வகைத் திருகு. குழியில் சிறு துளைகள் இருப்பதால் பெட்ரோல் வடிந்துவிடும், திருகு நிற்கும். கீழே ஒரு பழைய பெயின்ட் டப்பா போதும். இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கே உரியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் புதுப்பேட்டையில் கேஸ்கெட் வாங்கும்போது பெருமையாகச் சொன்னேன், கடைக்காரர், "வீட்ல திட்டு வாங்கியாச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மிதவைக்கு வேறு பாத்திரம் வேண்டும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளக்கக் கூடாது. சளசளத்தால் ஓட்டை. கொதித்த நீரை அடுப்பிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், அதில் அமுக்கிப் பிடித்தால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஓட்டையை அடைக்க ஈயப்பற்றைத் துளியளவே வைக்க வேண்டும். மிதவை கனத்தால் பெட்ரோல் மட்டம் உயர்ந்து வண்டி வெள்ளமாய்க் குடிக்கும். இப்பணியில் ஒரு பால் குண்டானும் இடம்பெயர்ந்தது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

கார்புரேட்டரின் குறுகிய தொண்டைக்கு வெஞ்சுரி என்று பெயர். குறுகலில் பாய்மம் வேகமெடுத்தால் அழுத்தம் குறையும் என்று காட்டிய இத்தாலிய அறிஞரின் பெயர் அது. மும்பை குர்லாவில் தயாரான பத்மினியின் மூலமும் இத்தாலியின் ஃபியட் 1100தான். இத்தாலி, இட்லி என்னும் சொற்களின் ஒலியொற்றுமையை வைத்து இங்கே ஒரு வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்யலாம். பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறேன்.

எஞ்சியது ஒரே வினா: போன தட்டு சமையலறைக்குத் திரும்ப முடியுமா? புளி, எலுமிச்சைத் தோல், பாத்திரப் பொடி என்று மூன்று முறை தேய்த்து, ஆளில்லாத நேரம் பார்த்து இட்லிப் பானைக்குள் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தட்டில் வெந்த நான்கை மட்டும் தனியே எடுத்து எனக்குப் பரிமாறினார். முதல் விள்ளலுக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

வண்டி இப்போது சிக்னலில் அணையாமல் நிற்கிறது. வீட்டில் ஓர் ஈட்டுக்குப் பதினாறு இட்லி வெந்தது போய், பன்னிரண்டு வேகிறது.